ஸ்டெப்னித் துளையை மறைத்த பின் பம்பர் குறித்து

அனுப்புநர்:
மோட்டார் பம்பு மெக்கானிக்,
மாவு மில் மாடி, சந்தைக்குப் பின் தெரு.

பெறுநர்:
வாகனப் பரிசோதனை அதிகாரி அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: எனது பச்சை நிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பொருத்திய வெளிக்கம்பெனி பின் பம்பர், ஸ்டெப்னி இறக்கும் துளையை மறைத்தது – அதைப் பொருத்திய என் அண்ணன் மகன் தன் பட்டறை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பதை ஏற்க வேண்டாமெனக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அம்மா,

1. நான் மலைத் தோட்டங்களில் தண்ணீர் மோட்டார்களைக் கழற்றி மாட்டிப் பிழைப்பவன். மனு எழுதிப் பழக்கமில்லை. எங்காவது சொல் தடித்திருந்தால் அது துக்கத்தால் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் வண்டியின் பழைய பின் பம்பர் பிளாஸ்டிக். தோட்டத்துப் பாதையில் ஒரு மரக்கட்டையில் இடித்துக் கிழிந்துவிட்டது. அதைப் பார்த்த என் அண்ணன் மகன், "சித்தப்பா, மலை ஏறுற வண்டிக்குப் பின்னாடி சோப்பு டப்பா மாதிரி இது என்ன?" என்று சொல்லி, கனமான இரும்பு பம்பர் ஒன்றைத் தானே வரவழைத்தான். பின் பம்பர் பொருத்துவதில் இந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் பம்பர் சரியாக உட்கார வேண்டும் என்று போல்ட்டுகளை மூன்று முறை கழற்றி மாட்டினான். நம்பர் பிளேட்டுக்கு மேல் விளக்கு வைத்தான். வெல்டிங் தழும்பு தெரியாமல் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தான். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற என் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வண்டிய முன்னால ஓட்டறதுக்கு வாங்கினியா, பின்னால இடிக்கறதுக்கு வாங்கினியாடா?" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அன்று நாங்கள் மூவரும் சந்தோஷமாகவே இருந்தோம்.

3. இந்த வகை வண்டியில் ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம், பின்பக்கத்தில் வண்டியின் அடியில், சங்கிலியில் தொங்கும். பம்பரில் உள்ள ஒரு துளை வழியாக நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலி இறங்கும். வேறு வழியில்லை. புதிய பம்பரில் அந்தத் துளை இல்லை; அது இருக்க வேண்டிய இடத்தை இரும்பு மறைத்துவிட்டது. கூட வந்த தாளில் படங்கள் மட்டும் இருந்தன, இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பொருத்தியவன் கவனிக்கவில்லை. வண்டியைத் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தபோது விளக்கு எரிகிறதா, முனை கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டார்கள். ஸ்டெப்னி இறங்குகிறதா என்று இங்கேயும் யாரும் பார்க்கவில்லை. இதுவே என் புகார்.

4. "ஸ்டெப்னிய இறக்கிப் பாக்காம வண்டிய எடுக்காதே" என்பது அண்ணன் எனக்கு வாழ்நாள் முழுவதும் சொன்ன வார்த்தை. பேருந்து எடுக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அப்படித்தான் செய்தார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதையும் இந்த மனுவில் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

5. அண்ணனுக்கு நெஞ்சு வலி கண்டு, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகனும் அண்ணியும் கூடவே இருந்தார்கள். மறுநாள் காலை "உடனே வாங்க" என்று போன் வந்தது. மெத்தை, மாற்றுத்துணி வைக்க இடம் வேண்டுமென்று என் கருவிப் பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மலையுச்சி தாண்டிய வளைவில் பின் டயர் பஞ்சர் ஆனது. கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனவன், எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன். கண்ணுக்கு முன்னால் ஸ்டெப்னி தொங்குகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

6. அப்போது ஒரு பேருந்து வந்தது. கை காட்டினால் நின்றிருக்கும். "நீங்க ஏறிப் போங்க, நான் வண்டிகிட்ட இருக்கேன்" என்று என் மனைவி சொன்னாள். "ரெண்டு நிமிஷத்துல இறக்கிடுவேன், இது என் தொழில்" என்றேன் நான். பேருந்தைப் போக விட்டேன். சாலைச் சரிவிலே வண்டியின் அடியில் படுத்து, கையாலும் காலாலும் சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். கடைசியில் லாரி ஓட்டுநர் ஒருவர் இரங்கி, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடால் சங்கிலியை அறுத்துக் கொடுத்தார். அதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. அவருக்கு என் நன்றி உண்டு. அந்தப் பேருந்தை மட்டும் நினைக்காமல் என்னால் தூங்க முடியவில்லை.

7. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் இல்லை. கடைசிவரை நினைவு இருந்ததாம். "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். "வந்துட்டே இருக்கார்ப்பா" என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தானாம். என்னிடம் என்ன சொல்ல இருந்தார் என்று தெரியவில்லை. அநேகமாக வண்டியைப் பற்றி ஏதாவது திட்டுவதற்காகத்தான் இருக்கும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளாமல் போனேன்.

8. ஏன் இவ்வளவு நேரம் என்று அண்ணன் மகன் கேட்டான். என் மனைவி அழுதுகொண்டே, "ஸ்டெப்னி இறங்கலப்பா" என்று சொல்லிவிட்டாள். அவன் எழுந்து வெளியே போனான். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் என் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, தான் பொருத்திய பம்பரின் உட்புறத்தை விரலால் தடவித் தடவித் துளையைத் தேடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பட்டறை பூட்டிக் கிடக்கிறது. என் முகத்தை அவன் பார்ப்பதில்லை. உரிமத்தைத் தங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட செய்தியே அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

9. ஆகவே அம்மா, நான் வேண்டுவது யாருக்கும் தண்டனை அல்ல. பம்பர் மாற்றிய வண்டி பரிசோதனைக்கு வந்தால், ஸ்டெப்னியை ஒருமுறை தரையில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இந்த பம்பரைச் செய்யும் கம்பெனிக்கும் எழுதுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் போலத்தான் நானும் சொல்கிறேன், ஆனால் அடுத்த வளைவில் வேறொருவன் நிற்கக் கூடாது.

10. முக்கியமானது இது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த கடிதத்தை ஏற்காதீர்கள். என் வண்டி தங்கள் அலுவலக வாசலில், அதே பம்பரோடு நிற்கிறது. துளை போடாமல் இனி ஓட்டக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். அதை, பொருத்தியவனே தன் கையால் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். வேறு பட்டறையில் அரை மணி வேலை என்று எனக்குத் தெரியும். வேறு யாரையும் அந்த வண்டியில் கை வைக்க விடமாட்டேன். நான் கூப்பிட்டால் அவன் வர மாட்டான். அரசு கூப்பிட்டால் வந்துதானே ஆக வேண்டும்.

அவன் வந்தால், சங்கிலியை இறக்கிப் பார்க்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை காலை

பணிவுடன் காத்திருக்கும்,
(கையொப்பம்)
வண்டியின் உரிமையாளர், இறந்தவரின் தம்பி

மேற்கண்டவை உண்மையென்று உடன் வந்து கையெழுத்திட்டவர்:
(கையொப்பம்)
இறந்தவரின் மனைவி, பம்பரைப் பொருத்தியவனின் தாய்