ஒரு கைக்கு மட்டும் ஒரு கிளவுஸ்

என் சாலமன் அண்ணாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். செத்துப்போனவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீயே சிரிப்பாய். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் வந்து பூ வைத்தேன், மெழுகுவத்தி ஏற்றினேன், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். இன்றைக்குப் பேசியே ஆக வேண்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் பெனிட்டாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் வேலூரில் லேப் டெக்னீஷியன், சாதுவாகத்தான் தெரிகிறான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நிச்சயம் பண்ண மாதனூருக்கு வருகிறார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கிடைக்காமல் அண்ணி பேஜாராகிக் கிடக்கிறார்.

கெட்ட சேதியும் அங்கேதான் ஆரம்பம். போன ஞாயிறு கோயில் காம்பவுண்டில் பையனுடைய அம்மா யாரிடமோ பெனிட்டாவைக் காட்டி, "தெரியல? நம்ம வீடியோ கேம் சாலமன் பொண்ணு" என்று சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் பேரே அதுதானே? உன் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் உன்னை அடையாளம் காட்டிக்கொண்டார்கள். பெனிட்டா கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அத்தை, அப்பா டூட்டி நேரத்துல கேம் ஆடித்தான் வேலை போச்சாமே, நெசமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பால் பொங்குது, இரு வர்றேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை அண்ணா. அடுப்பையே பற்றவைக்கவில்லை.

அந்த டிவி கேமை நீ ஒரு கிறிஸ்துமஸுக்கு வேலூர் பஜாரில் வாங்கிவந்தாய். மஞ்சள் கேசட். மேலே நூற்றுக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வந்தது. மற்றவர்கள் துப்பாக்கி ஆட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள். யாரும் சீண்டாத பேஸ்பால், அந்த அமெரிக்க மட்டைப்பந்துதான் உனக்கும் எனக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் ஏது? தோற்றுத் தோற்றே கற்றுக்கொண்டோம். அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறவனைப் பார்த்து உனக்கு அப்படி ஒரு கோபம் வரும். "மட்டைய வீசிட்டு ஓடறான் பாரு, இன்னா திமிரு!" என்பாய்.

நீ தோல் வெட்டுகிறவன். உன் கண் பந்தில் நிற்காமல் அதைப் பிடிக்கிறவன் கைக்குப் போனது. "ஒரு கை மட்டும் வீங்கின மாதிரி இருக்குது பாரு எஸ்தர். அது கிளவுஸ். ஒரு கைக்குத்தான் போடறான். இன்னொரு கையால எறியணும் இல்ல?" நம் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில், கொசு அளவு ஆளின் கையில் அதைக் கண்டுபிடித்தாய். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு அந்த ஆர்டர் வந்தது. அமெரிக்காவுக்கு பேஸ்பால் கிளவுஸ். ஷூ தைத்துப் பழகிய நம் ஆட்கள் ஒருத்தருக்கும் அது என்னவென்று தெரியாது. சாம்பிளாக வந்தது ஒன்றே ஒன்று, இடது கைக்கு. ஷூவுக்கும் சாம்பிள் ஒற்றைக் கால்தான் வரும், நாம் ஜோடியாகச் செய்து அனுப்புவோம். மேனேஜர் இதற்கும் அப்படியே முடிவு பண்ணினார். வலது கைக்கும் தோல் வெட்டும் பேட்டர்ன் போடச் சொல்லி சாம்பிள் செக்ஷனில் உன்னிடம் அனுப்பினார்.

நீ நேராக மேலே வந்துவிட்டாய். நான் அப்போது மேனேஜர் ரூமில் டைப்பிஸ்ட், இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை.

"சார், இது ஜோடி இல்ல சார். ஒரு கைக்குத்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வீட்ல டிவி கேம் இருக்குது சார். அதுல பார்த்தேன்."

ரூமே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: "சரி, நாளைக்கு எடுத்துட்டு வா. பார்த்துடலாம்." எடுத்துட்டு வா என்று சொன்னது அவர். என் காதால் கேட்டேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். சரக்கு வாங்க வரும் பார்ட்டிகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிற கலர் டிவியில் மாட்டினோம். நீ ஸ்கேலை வைத்துக் காட்ட வேண்டும் என்பதால் பட்டன் என் கையில். அந்த ஆட்டத்தை நாம் கலரில் பார்த்தது அன்றைக்குத்தான். கிளவுஸ் செங்கல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. பந்து வலப்பக்கம் போனது, நான் ஆளை ஓட்டினேன். "பாருங்க சார், எடது கைல ஒத்த கிளவுஸ்" என்றாய். மேனேஜர் தலையாட்டினார்.

அங்கேயே நான் நிறுத்தித் தொலைத்திருக்கலாம். அடுத்த பந்து இடப்பக்கம் போனது. பிடிக்காமல் விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. ஆளைத் திருப்பினேன். அவன் திரும்பினதும் கிளவுஸ் வலது கைக்குப் போய்விட்டது.

மேனேஜர் மேசையைத் தட்டினார். "பார்த்தியா? எடது கைலயும் இருக்குது, வலது கைலயும் இருக்குது. அப்போ ஜோடிதானே?"

"எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்னுதான் சார் இருக்குது..."

"போய் வேலையப் பாரு, சாலமன்."

வேலையைப் பார்த்தாய். ஜோடி ஜோடியாகப் போனது. வலது கை கிளவுஸ் எங்களுக்கு வேண்டாம் என்று பார்ட்டி சொல்லிவிட்டான், அத்தனையும் திரும்பி வந்து குடோனில் பெட்டி பெட்டியாக ஏறியது. யார் தலையிலாவது போட வேண்டும் இல்லையா? சாம்பிள் கட்டர் சாலமன் டூட்டி நேரத்தில் வீடியோ கேமைக் கம்பெனிக்குள் கொண்டுவந்து ஆடினார், அதை வைத்துத் தப்பான தகவல் கொடுத்தார் என்று மெமோ. கார்பன் வைத்து மூன்று காப்பி. அடித்தது நான்தான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டூட்டி நேரத்துல இந்த ரூம்ல கேம் ஆடினது உண்மையா, இல்லையா?" நீ எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் "ஆமா சார்" என்றேன். கொண்டுவரச் சொன்னது யார், பட்டன் யார் கையில் இருந்தது, நீ என்ன சொல்ல வந்தாய், எதையும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது எனக்கு பெர்மனென்ட் ஆர்டர் வர வேண்டிய மாதம். அந்த "ஆமா சார்" என்பதையும் நானே உட்கார்ந்து டைப் அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

அன்று ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தோம். நீ முன்னால், நான் பின்னால். வீட்டுக்கு வந்ததும் அந்த டிவி கேமின் வயரை அழகாகச் சுற்றிப் பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினாய். "நீயே வெச்சுக்கோ. நீதான் நல்லா ஆடற." அதற்குப் பதில் நீ என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.

எனக்கு ஆர்டர் வந்தது. உனக்கு வேலை போனது; வேலூரில் ஒரு செருப்புப் பட்டறையில் பாதிச் சம்பளத்துக்கு இடம் கிடைத்தது, கூடவே அந்தப் பட்டப்பேரும். உன் மேலும் எனக்குக் கோபம்தான் அண்ணா, மறைக்க மாட்டேன். நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? "எடுத்துட்டு வரச் சொன்னது இவரு, ஆடினது என் தங்கச்சி" என்று ஒரு வார்த்தை உன்னால் சொல்ல முடியாதா? என் வேலை போய்விடும் என்று விட்டுக்கொடுத்தாயா? யார் கேட்டது உன் பெருந்தன்மையை? அண்ணியிடம்கூடச் சொல்லாமல் செத்துப்போய், முழுப் பாரத்தையும் என் தலையில் இறக்கிவிட்டுப் போனாயே, இது நியாயமா?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உன் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள், "அண்ணா, அன்னிக்கு கம்பெனில..." என்று ஆரம்பித்தேன். "பஸ் போய்டப் போவுது, கெளம்பு" என்றாய். நானும் கிளம்பினேன். அடுத்த பஸ் பத்து நிமிஷத்தில் இருந்தது, அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்.

சரி, பெனிட்டாவுக்கு வருகிறேன். இல்லாத பாலை நான் இறக்கிவைத்துவிட்டு வந்தபோது அவள் பரணிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து டிவியில் மாட்டியிருந்தாள். கம்ப்யூட்டர் படிக்கிறவள் இல்லையா, சும்மா இருக்குமா கை? ஆட்டம் இன்னும் ஓடுகிறது. ஆளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அத்தை, இங்க பாருங்களேன், திரும்பினா கிளவுஸ் கை மாறுது!"

"ஏன் மாறுது?" என்றேன்.

"வரைஞ்சவன் ஒரு பக்கம்தான் வரைஞ்சிருப்பான். அந்தக் கால கேசட்ல எடம் கம்மி இல்ல? அதே படத்தக் கண்ணாடில பார்க்குற மாதிரி திருப்பிப் போட்டுட்டான். கிளவுஸ் ஒரு கைக்குத்தான் அத்தை."

உன்னால் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை உன் மகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அது எதற்கான பதில் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் கேட்டாள்: "நீங்களும் அதே கம்பெனிதானே அத்தை? உங்களுக்கா தெரியாது?" விசாரணை அன்று நீ பார்த்த அதே பார்வை. "ஞாயித்துக்கெழமை சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன்.

அதனால் இது சத்தியம். ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், தட்டு மாற்றுவதற்கு முன்னால், நம் வீட்டு டிவியில் நான் அந்தக் கேசட்டைப் போடுவேன். ஆளைத் திருப்பிக் காட்டுவேன். என் டிரங்குப் பெட்டியில் இத்தனை வருஷம் கிடக்கும் அந்த மெமோவின் கார்பன் காப்பியைப் பையனுடைய அம்மா கையில் கொடுப்பேன். அண்ணி என்னை வாசப்படி மிதிக்காதே என்று சொல்லலாம். பெனிட்டா என்னை அத்தை என்று கூப்பிடாமல் போகலாம். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை யாராவது கேள்வி கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். "ஆமா" என்பதோடு நிறுத்தவும் மாட்டேன்.

பட்டனை அழுத்தியவள், மெமோவை அடித்தவள்,
உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்