விருந்தினர் பதிவேட்டிலிருந்து என் தாய்மாமனை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
லி. பவானி (வயது 17),
பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு,
த/பெ. லிங்கேஸ்வரன்,
கதவு எண் 3/118, கிழக்குத் தெரு,
கூத்தனாற்றுப்பட்டி (சுருளிப்பட்டி வழி),
தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
தேனி மாவட்டம்.

பொருள்: வீட்டு வரி – கூத்தனாற்றுப்பட்டி ஊராட்சி – கதவு எண் 3/118 – முழு வீட்டையும் தங்கும் விடுதியாகக் கணக்கிட்டது – விருந்தினர் பதிவேட்டில் உள்ள பதினான்கு பேர் வாடகைக்குத் தங்கியவர்கள் அல்ல, உறவினர்கள் – நீக்கக் கோருதல் – அதை என் தாய்மாமனுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி ஊராட்சியின் அறிவிப்பு, நாள் 03.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரி வேண்டாம் என்று கேட்கும் மனுக்கள் தங்களுக்கு நிறைய வரும். இது அந்த வகை இல்லை. வரவேண்டிய வரி வரட்டும். வராமல் போன என் மாமாவும் வரவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் உள்ளன. சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் வருகிறவர்களுக்கு அவற்றை ஒரு செயலி மூலம் நாள் வாடகைக்கு விடுகிறோம். இரண்டு ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொள்பவர் என் தாயார் திருமதி முனீஸ்வரி. அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். திராட்சை வெட்டு நடக்கும் நாட்களில் அவரே எங்கள் வீட்டுக்கு விருந்தினர் போலத்தான் வந்து போவார். கீழ்வீட்டில் நாங்கள் நான்கு பேரும் இரண்டு மாடுகளும் இருக்கிறோம்.

2. முதலில் எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். செயலி அனுப்பும் ரசீதில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை இருக்கும். அதை நிறுவனமே விருந்தினரிடம் வாங்கி அரசுக்குக் கட்டிவிடுகிறது. "அதான் வரி புடிச்சிட்டாகள்ல, நமக்கு என்ன இருக்கு?" என்று அம்மா நினைத்துவிட்டார். அது தங்குகிறவர் கட்டுகிற வரி, கட்டடத்துக்கு ஊராட்சி போடுகிற வரி வேறு, வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு வரி மாறும் என்பதெல்லாம் எங்களுக்கு அறிவிப்பு வந்த பிறகுதான் தெரியும். வணிகவியல் படிக்கிற எனக்கும் தெரியாது. எங்கள் பாடப்புத்தகத்தில் கூத்தனாற்றுப்பட்டி வரவில்லை. மாடியின் இரண்டு அறைகளுக்கும் உரிய வரியை, அவற்றை வாடகைக்கு விட ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுக் கட்டச் சம்மதிக்கிறோம்.

3. ஆனால் அறிவிப்பில் முழு வீடும் தங்கும் விடுதி என்று உள்ளது. கீழ்க்கூடம் பதினொரு படுக்கைகள் கொண்ட பொது அறை என்றும், மாட்டுக்கொட்டம் வாகனம் நிறுத்துமிடம் என்றும் காட்டப்பட்டுள்ளன. ஊராட்சிச் செயலர் மேல் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். அவர் எதையும் இட்டுக்கட்டவில்லை. பதிவேட்டில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். இட்டுக்கட்டியவள் நான்.

4. நடந்தது இதுதான். சென்ற வைகாசியில் எங்கள் ஊர் காளியம்மன் பொங்கல். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே அம்மா செயலியில் மாடி அறைகளை அடைத்துவிடுவார். அந்த நாட்களில் வருகிறவர்கள் எல்லாம் சொந்தபந்தம். இந்த முறை பதினான்கு பேர் வந்தார்கள். வாடகைக்கு வருகிறவர்களின் பெயர், ஊர், போன் எண், ஆதார் எண், வந்த நாள், போன நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதும் வேலை எப்போதும் என்னுடையது. கை சும்மா இருக்கவில்லை. பதினான்கு பேரையும் அதே பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். கூடத்தில் பாய் விரித்துப் படுத்த பதினொரு பேருக்கு 'டார்மிட்டரி' என்று எழுதினேன். மாடுகளைப் பின்பக்கம் கட்டிவிட்டுக் கொட்டத்தில் பைக் நிறுத்தினார்கள், அதற்கு 'பார்க்கிங் வசதி உண்டு' என்று எழுதினேன். பெரியம்மா கருத்தம்மாள் பெயருக்கு நேரே, 'புகார்: ஏ.சி. இல்லை. நடவடிக்கை: பனை விசிறி வழங்கப்பட்டது' என்று எழுதினேன். விளையாட்டாக எழுதியது பதினான்கு வரி. அதற்கு வீடு முழுக்க வரி வரும் என்று யார் கண்டது?

5. அந்தப் பட்டியலில் முதல் பெயர் என் தாய்மாமன் திரு. வேல்பாண்டி. மார்க்கையன்கோட்டையில் நெல்லும் வாழையும் போடுகிறார். அவர் பெயருக்கு நேரே, 'மாடி அறை 1. ஒன்பது நாள். நாள் வாடகை ரூ.1,800. முன்பணம்: அரிசி ஒரு சிப்பம், வாழைத்தார் ஒன்று. குறிப்பு: குறட்டையால் அறை 2-இல் இருப்பவர்கள் காலி செய்தனர்' என்று எழுதினேன். எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். மாமா படித்துப் பார்க்காமலே போட்டார். "மருமக நீட்டுனா சொத்தையே எழுதிக் குடுப்பேன், இது என்ன நோட்டு?" என்றார். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். குறட்டைக் குறிப்புக்கு அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

6. அந்தப் பக்கங்களை அன்றைக்கே கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. புரட்டாசியில் ஊராட்சிச் செயலர் வாடகை வீடுகளைக் கணக்கெடுக்க வந்தபோது, அம்மா மடியில் கனமில்லாத மனுஷியாகப் பதிவேட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். நான் அப்போது பள்ளியில் காலாண்டுத் தேர்வில், கற்பனைக் கம்பெனி ஒன்றின் இருப்புநிலைக் குறிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

7. பதிவேட்டில் உள்ளது சரிதானா என்று பார்க்கச் செயலர் முதல் பெயருக்குப் போன் போட்டிருக்கிறார். அதுவும் முறைதான். மாமா அந்த நேரம் மார்க்கையன்கோட்டையில் டீக்கடையில் இருந்தார். வயலில் மோட்டார்ச் சத்தத்தில் பேசிப் பேசி, போன் வந்தாலே ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிற பழக்கம் அவருக்கு. "நீங்க கூத்தனாற்றுப்பட்டி முனீஸ்வரி வீட்டுல ஒம்பது நாள் தங்குனதுக்கு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு வாடகை குடுத்ததா எழுதி, உங்க கையெழுத்தும் இருக்கு. சரிதானா?" என்று கேட்டது கடை முழுக்கக் கேட்டுவிட்டது. ஊராட்சியிலிருந்து பேசுகிறார்கள், கையெழுத்து இருக்கிறது என்கிறார்கள். வைகாசியில் சிரித்த நோட்டு எதுவும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர், "என்ன வேல்பாண்டி, கூடப் பொறந்தவ வீட்டுக்கே மீட்டர் போட்டுத்தான் போறியா?" என்று கேட்டாராம். இன்னொருவர், "அரிசி மூட்டைய வேற தூக்கிட்டுப் போவானப்பா, அதக் கழிச்சுக்கிட்டாகளா என்னான்னு கேளு" என்றாராம். மாமா டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார் என்று கடைக்காரரே எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

8. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் போனை அவர் எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா நேரில் போனார். மாமா வாசலுக்கு வந்து கூட்டிப்போய் காபி கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு கவரை அம்மா கையில் வைத்து, "ஒம்பது நாளுக்குப் பதினாறாயிரத்து இருநூறு. எண்ணிக்க ஆத்தா. அடுத்த தடவ கவர்மெண்டு கேட்டா பொய் சொன்னதா ஆகக்கூடாதுல்ல" என்றிருக்கிறார். அம்மா கவரை அங்கனயே வைத்துவிட்டு வந்தார். பஸ் கிளம்புவதற்குள் மாமா மகன் வண்டியில் வந்து ஜன்னல் வழியாக மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது அது எங்கள் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் பிரிக்கவில்லை. வீட்டில் யாரும் என்னை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத தண்டனை.

9. நானே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனேன். பள்ளிச் சீருடையோடு போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். மாமா கேட்டுவிட்டு, "உன்ன யாரு அனுப்புனாக, உங்கப்பாவா?" என்றார். யாரும் அனுப்பவில்லை என்றேன். "நீ சொல்றத நம்பச் சொல்றியா, ஆபீஸ்காரக சொல்றத நம்பச் சொல்றியா?" என்றார். கம்பம் ஊருக்குள் யானை வந்த வருடம், அவருடைய வாழைத்தோப்பிலும் யானை புகுந்துவிட்டது என்று போன் செய்து அவரை டார்ச் லைட்டும் தகர டின்னுமாக ஒரு மைல் ஓடவிட்டவள் நான். என் வாய்க்கு மார்க்கையன்கோட்டையில் செல்லுபடி இல்லை. முத்திரை வைத்த காகிதத்துக்கு உண்டு.

10. பதினான்கு பேரும் வாடகைக்கு வந்தவர்கள் இல்லை என்பதற்கு ஆதாரங்கள்: அந்த ஒன்பது நாளும் செயலியில் அறைகள் அடைக்கப்பட்டிருந்தன (நகல் இணைப்பில்). பதினான்கு பேரில் ஒருவரிடமிருந்தும் ஒரு ரூபாய் வங்கிக் கணக்கில் வரவில்லை. தவிர, எந்த லாட்ஜுக்கும் எந்த வாடிக்கையாளரும் இருபத்தைந்து கிலோ அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு போவதில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்வதில்லை. விடுதிக்காரர் மகளைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, செல்லு நோண்டுனது போதும், புஸ்தகத்த எடு" என்று அதட்டுவதில்லை. மாமா இத்தனையும் செய்தார். அவர் வாடகை கொடுத்திருந்தால், மோட்டார் வேலைக்கு நாங்கள் கூலி கொடுத்திருக்க வேண்டும்.

11. இதில் அவசரம் என்னவென்றால், என் தம்பி தவசிக்கு (ஒன்றாம் வகுப்பு) வரும் 30.11.2025 ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. பத்திரிகையில் மாமா பெயர் அச்சாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்த பத்திரிகையை அவர் எடுத்துக்கொண்டாரா என்பதே தெரியவில்லை. வேறு மடி பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா வழியில் ஒருவர் சொன்னார். அம்மா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். தம்பி தினமும், "மாமா எனக்குக் கடுக்கன் வாங்கிட்டாகளா?" என்று என்னிடம்தான் கேட்கிறான். இந்த விஷயத்தில் என்னால் அவனிடம் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடியவில்லை.

12. இந்த மனுவில் அம்மாவின் கையொப்பம் இல்லை. வீட்டு வரி அவர் பெயரில் இருப்பதால் அவர்தான் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுதி முடித்து நீட்டினேன். "நீ நீட்டுற எதுலயும் இனி இந்த வீட்டுல ஒரு ஆளு கையெழுத்துப் போடமாட்டாக" என்று சொல்லிவிட்டார். விசாரணைக்கு எந்த நாள் கூப்பிட்டாலும் நேரில் வந்து தங்கள் முன்னிலையில் போடுகிறேன் என்கிறார்.

ஆகவே ஐயா அவர்கள்,

மாடி அறைகள் இரண்டையும் மட்டும் வணிகப் பயன்பாடாக வைத்து வரியைத் திருத்தவும், கூடம், சமையலறை, மாட்டுக்கொட்டம் மூன்றையும் வீடாகவே விட்டுவிடவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டின் அந்தப் பதினான்கு பதிவுகளும் பொய்யானவை, எழுதியவள் நான் என்று எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதித்தருகிறேன். பொய்ப் பதிவுக்கு அபராதம் உண்டென்றால் அது என் பெயரில் வரட்டும். காலாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலில் 91 வாங்கியதற்கு அப்பா கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது.

வரித் திருத்தத்துக்கு விசாரணை, நேரடி ஆய்வு எல்லாம் உண்டென்று அறிவேன். அதற்கு மாதம் ஆனாலும் காத்திருப்போம். கடிதம் காத்திருக்காது. திரு. வேல்பாண்டி அவர்கள் தம் தங்கை வீட்டில் தங்கியது உறவுமுறையில்தான், அதற்கு வாடகை எதுவும் பெறப்படவில்லை, பதிவு தவறானது என்று இரண்டு வரி, தங்கள் அலுவலகத் தாளில், முத்திரையுடன், 30-ஆம் தேதிக்கு முன்னால் அவர் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவர் அதை டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. கண்ணாடி போட மாட்டார்.

இடம்: கூத்தனாற்றுப்பட்டி
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
பதிவேட்டில் பொய்யும்
இம்மனுவில் மெய்யும் எழுதிய,
லி. பவானி

இணைப்பு:
1. ஊராட்சி அறிவிப்பு – நகல்.
2. விருந்தினர் பதிவேடு, பக்கம் 41 முதல் 44 வரை – நகல் (பொய்கள் சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டுள்ளன).
3. வைகாசியில் அறைகள் அடைக்கப்பட்டிருந்ததைக் காட்டும் செயலிப் பக்கம் – நகல்.
4. சென்ற ஆண்டு வீட்டு வரி ரசீது – நகல்.
5. என் மாமாவின் முகவரி எழுதி, விரைவுத் தபாலுக்குரிய அஞ்சல்தலைகள் ஒட்டிய உறை ஒன்று. காலியாக உள்ளது.