நாற்பத்தெட்டு இலக்கம்

மார்ச் 3
ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம். "வீட்டுக்குப் போனதும் புத்தகத்த முடிச்சிடணுங்க" என்றாள் மனைவி. முப்பது வருடம் பாடம் நடத்தியவள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறாள். மூன்று வருட எழுத்து, எல்லாம் அவளுடைய குட்டிக் கணினியில். அதுவோ ஆமை. பொத்தானை அழுத்திவிட்டு, தேநீர் குடித்தபடி எனக்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லி முடிப்பாள். அப்புறம்தான் அது எழும். நான் உம் கொட்டுவதோடு சரி.

மார்ச் 5
புது பிராசஸரும், எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கும் வாங்கிவிட்டேன். அவள் வருவதற்குள் மாற்றி அசத்த வேண்டும். கட்டில் போட இடம் வேண்டுமென்று அவள் மேசையையும் ஒழித்தாயிற்று.

மார்ச் 6
முதலில் பிராசஸர். அதன்மேல் இருந்த பழைய வெப்பப் பசையைத் துடைத்து, புதிதாய் ஒரு பொட்டு வைத்து, விசிறியை முடுக்கினேன். திரையில் ஏதோ கேட்டது — பழைய பாதுகாப்புச் சாவியை அழித்துவிடலாமா என்று. முழுதாகப் படிக்கவில்லை. ஆமாம் என்று தட்டிவிட்டேன்.
இப்போது ஹார்ட் டிஸ்க் திறக்க மறுக்கிறது. நாற்பத்தெட்டு இலக்க எண் கேட்கிறது. எந்த எண்?

மார்ச் 7
பழைய பிராசஸரையே திரும்ப மாட்டினேன். பலனில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "டிஸ்க்கப் பூட்டி வெச்சிருந்த சாவிய நீங்களே அழிச்சிட்டீங்க சார். அந்த நம்பர பிரிண்ட் எடுத்து எங்கயாவது வெச்சிருப்பாங்க, தேடுங்க."
வைத்திருந்தாள். இழுப்பறையில், உறைக்குள், வரிசையாய் எண்கள் மட்டும் இருந்த தாள். மேசையை ஒழித்தபோது ஏதோ பழைய ரசீது என்று குப்பையில் போட்டது நான்தான். வேறு நகல் இல்லை. ஐயோ, என்ன மனுஷன்டா நீ!

மார்ச் 11
வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி நாட்கள்தான் என்றார்.
"கம்ப்யூட்டர் எங்க?" என்றாள். ரிப்பேர் என்றேன்.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "மூணு வருஷம்ங்க" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.
சாயங்காலம் கூப்பிட்டாள். "புது டிஸ்க்காவது ஓடுதா?"
"ஓடுது."
"அப்ப உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க."

மார்ச் 20
"கோழி கொத்துற மாதிரி தட்டுறீங்க. என் வகுப்பா இருந்தா உங்களுக்கும் கடைசி பெஞ்சுதான்." சிரித்தாள், இருமினாள். பதினெட்டுப் பக்கம்.

மார்ச் 27
அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நான்கு வரி.

ஏப்ரல் 2
'வாத்து' என்று பட்டப்பெயர் வாங்கிய பையனின் கதை. பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்குச் சொல்றேன்."

ஏப்ரல் 3
விடியும்போது போய்விட்டாள்.

ஏப்ரல் 29
இன்றுதான் பொத்தானை அழுத்தினேன். பழக்கதோஷம், தேநீர் போடப் போய்விட்டேன். எட்டு நொடியில் எழுகிற கணினி, நான் திரும்பி வருவதற்குள் காத்திருந்து திரையை அணைத்திருந்தது. தொட்டு, கோப்பைத் திறந்ததும் அவள் கடைசியாகச் சொன்ன வரி வந்தது. "அன்றைய மழைக்கு வகுப்பில் வாத்து மட்டும்தான் வந்திருந்தான். நான் அவனை—"
நீ அவனை என்ன செய்தாய்? இந்தக் கதையை ஒருநாள் தேநீரின்போது எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் உம் கொட்டியதுதான் ஞாபகம் இருக்கிறது.