பின் சீட்டின் பதில்

அம்மு,

அன்று அந்தப் புது எஸ்யூவியைக் குவாரிப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அப்பா கை கழுவிக்கொண்டே, பின் சீட்டில் இருந்த என்னிடம் கேட்டார்: "என்ன, பின்னாடி எப்படி இருந்துச்சு?" குடும்ப வண்டியைக் கரடுமுரடில் சோதித்தால், பின் சீட்டில் இருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு என்பார். வழியில் அவர் வேகமாக ஓட்டியதற்காக நாங்கள் போட்ட சண்டை எனக்கு ஆறவில்லை. "அதையும் நீங்களே எழுதிக்கோங்க" என்றேன். பத்து நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை கார் பத்திரிகையின் இந்த இதழில் வருகிறது. பின் சீட்டுக்கான மார்க்குக் கட்டம் மட்டும் காலி. "செத்தவருக்கு எதுக்கும்மா மார்க்கு?" என்று நேற்று கத்தினாய். மார்க்குக்காக இல்லை, அம்மு. அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அதே பாதையில் போய்வர, கம்பெனிக்காரர்கள் அதே வண்டியை இன்று மதியம் வரை தந்திருக்கிறார்கள். அப்பா கட்டுரைகளுக்குப் படம் எடுக்கும் போட்டோக்காரர்தான் ஓட்டுகிறார், நான் பின் சீட்டில். மெதுவாகப் போகச் சொல்ல மாட்டேன், அப்பா வேகத்தில்தான் போகவேண்டும்.

சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு. பிளம்பர் வந்தால் குளியலறைக் குழாயைக் காட்டு.

அம்மா

செருப்பை மூன்று தடவை போட்டுக் கழற்றிவிட்டேன். நீ எழுந்தால் போகவிடமாட்டாய், அதனால் எழுப்பவில்லை.

இன்னொன்று. குவாரியில் மண் கொட்டி நிரவுகிறார்கள், நாளைக்குப் பாதையே இருக்காது. பாதி மேடு போய்விட்டதாம். என் தலை கூரையில் இடித்த மூன்றாவது பள்ளம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது என்கிறார் போட்டோக்காரர்.