ஐயாவின் காதுக்கு ஒரு தாள்

ஆம்பூர்,
12 செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய போதகர் துரைசாமி ஐயாவுக்கு, உங்கள் சபைச் செயலாளர் இருதயராஜ் கைகூப்பி எழுதுவது. ஸ்தோத்திரம்.

நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் மகள் எப்சிபா எழுதி அனுப்பிய கடிதம் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தது. தோல் கட்டு இறக்கிக்கொண்டிருந்தோம். கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிரித்தேன். பார்வை முழுக்கப் போன பிறகும் தினமும் காலையில் நம் மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் சபையின் பின் அறையில் உட்காரவைத்து, நாளைக்குச் சபையை நடத்தப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று வளர்த்தவர் நீங்கள். உங்கள் வாயில் அந்தப் பெயர்கள் வராமல் எப்படி இருக்கும்?

பிரேம்நாத் பேசுவதை இப்போது கேட்டால் அசந்துபோவீர்கள். கையில் குறிப்புத் தாள்கூட இல்லாமல் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிறான். கேட்க வருகிற கூட்டமும் ஜாஸ்தியாகிவிட்டது. கோபி அதே உழைப்பாளிதான். ஞாயிற்றுக்கிழமைகூட அவனுக்கு ஓய்வு கிடையாது. ஒடுகத்தூர் கிளை சபை ஜனங்கள் என்னைப் பார்த்தால் முதலில் அவனைத்தான் விசாரிக்கிறார்கள். கல்யாணமாகி வேலூர் போன நம் ஷர்மிளாவைப் போன மாதம் லாங் பஜாரில் பார்த்தேன். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறான். அவள் குரல் அப்படியே இருக்கிறது. பஜார் இரைச்சலிலும் தனியாகக் கேட்டது.

அக்டோபர் சபை நாளுக்கு வரவேண்டும், மூவரில் ஒருவர் தலையில் கைவைத்து உங்கள் வேதாகமத்தை ஒப்படைக்க வேண்டும், யார் என்று பெயர் எழுது என்று கேட்டிருந்தீர்கள். பெயர் ஷர்மிளா. அவளிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டாள். ஆனால் இந்த உடம்போடு கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் புறப்பட வேண்டாம் ஐயா. சபைக் கட்டடத்தில் வேலை நடக்கிறது. கூரைத் தகடெல்லாம் பிரிக்கப்போகிறார்கள். உங்களை உட்கார வைக்க நல்ல இடம் இருக்காது. வேதாகமத்தைத் தபாலில் அனுப்பினால் போதும். விலாசத்தை எப்சிபாவுக்கு எழுதுகிறேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மகள் சொல்வதைக் கேளுங்கள். எங்களைத்தான் கேட்க வைத்தீர்கள், நீங்களும் கொஞ்சம் கேட்கலாம்.

உங்கள் ஜெபத்தால் நிற்கிற,
இருதயராஜ்

* * *

ஆம்பூர்,
அதே நாள்

அன்பு மகள் எப்சிபாவுக்கு, இருதயராஜ் அங்கிள் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கோடு போட்ட தாள் உனக்கு மட்டும். வெள்ளைத் தாள், நீ ஐயா காதோரம் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டியது. இரண்டையும் ஒரே கவரில் போட்டதற்கு மன்னித்துக்கொள். இரண்டு கவராக அனுப்பினால், இதை அனுப்பாமலே விட்டுவிடுவேனோ என்று பயம்.

வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வரியைத் தவிர எல்லாமே நிஜம். அதுதான் மோசம். முப்பது வருஷமாக ஃபேக்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட தோலை வாங்கி விற்கிறவன் நான். ஓட்டை உள்ள பக்கத்தை உள்ளே மடித்து, நல்ல பக்கத்தை மேலே வைத்துக் காட்டத் தெரியும். பொய் சொல்ல மாட்டேன். கேட்காதவனுக்குப் புரட்டிக் காட்டவும் மாட்டேன். நீ ஐயாவைக் கூட்டிக்கொண்டு போன இந்த மூன்று வருஷமும் மாசா மாசம் அவருக்கு அப்படித்தான் எழுதினேன். நீயும் நம்பித்தான் வாசித்திருப்பாய். இப்போது புரட்டிக் காட்டுகிறேன்.

பிரேம்நாத் நன்றாகப் பேசுவது நிஜம். நம் சபையில் அல்ல. ஐயா போன நாலாம் மாதமே வேலூரில் ஒரு மாடியைப் பிடித்துத் தனி சபை ஆரம்பித்துவிட்டான். நம்மிடம் இருந்த இளம் குடும்பங்கள் அத்தனையும் பின்னாலேயே போயின. அவனும் அவன் மனைவியும் சிரிக்கிற பேனரில் அவன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது. பக்கத்துக் கடை சத்தார் பாய் அதைப் பார்த்துவிட்டு வந்து, ராஜ் பாய், எனக்கு மூட்டுவலி பேஜாரா கீது, உங்க புள்ளைகிட்ட ஒரு டோக்கன் போட்டுக் குடுன்னு கேட்டார். சிரித்துவைத்தேன். ஒருநாள் நானே அங்கே போய், மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது ஆம்பூர் வாடா என்று கெஞ்சினேன். முன்னெல்லாம் அங்கிள் என்பான், இப்போது பிரதர். பிரதர், எட்டு வருஷம் சொல்லிக் குடுத்தாரே, ஐயா இருந்தவரைக்கும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை எங்க கையில மைக்கைக் குடுத்தாரா, நான் அங்க வந்தா மறுபடியும் சேர்தான் தூக்கணும்னான். இந்த ஒரு பத்தியை மட்டும் எந்தக் காலத்திலும் ஐயாவுக்கு வாசிக்காதே.

கோபிக்கு ஞாயிறு ஓய்வில்லாதது ஷூ ஃபேக்டரியில். சூப்பர்வைசர் ஆகிவிட்டான். ஏற்றுமதிச் சரக்கு கிளம்புகிற வாரமென்றால் ஞாயிறும் வேலை நாள்தான். எந்த வாரம்தான் கிளம்பவில்லை? ஒடுகத்தூரில் அவன் சேர்த்த ஆறு குடும்பமும் மூன்று மாதம் வரை ஞாயிறு மத்தியானம் அவன் வருவான் என்று பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோச்சு. அவனைத் திட்டத்தான் போனேன். பசை வாடையில் கண் இரண்டும் சிவந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் ஞாபகம் இருக்கு அங்கிள், தெம்புதான் இல்லன்னான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஷர்மிளா விஷயம் என் தலையில்தான் விடிகிறது. ஐயா போனதும், யார் பேசுவது என்று கமிட்டி திணறியது. அவளை ஒரு ஞாயிறு பேசவிட்டோம். யோனாவைப் பற்றிப் பேசினாள். பேரணாம்பட்டிலிருந்து வருகிற பீடி சுற்றும் அம்மாக்கள் இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்தபடி கேட்டார்கள். ஆராதனை நடுவில் எனக்குக் கடை ஞாபகம் வராமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். வெளியே வந்ததும் கமிட்டியில் மூன்று பெரியவர்கள், கல்யாணமாகாத பொண்ணு, ஐயா நின்ன மேடையில ஏறி நிக்கிறதான்னு ஆரம்பித்தார்கள். நான் செயலாளர். வாயை மூடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார்கள். நான் வியாபாரி புத்தியைக் காட்டினேன். ரெண்டு பக்கமும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்தால் பேரம் முடியுமே. மேடை ஏற வேண்டாம், கீழே ஓரமாக நின்று பேசட்டும் என்று தீர்மானம் எழுதி, நானே எழுந்து வாசித்தேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

அந்த மேடை ஒரே ஒரு படி உயரம் எப்சி. உனக்குத் தெரியாதா, சின்ன வயசில் அதிலிருந்து குதித்து விளையாடினவள் நீ. காலி மேடைக்குப் பக்கத்தில், அந்தப் படிக்குக் கீழே நின்று மூன்று வாரம் பேசினாள். நாலாவது வாரம் வரவில்லை. ஆள் அனுப்பினேன். கல்யாணம் பேசிட்டோம், இனிமே அவ வரமாட்டா என்று அவள் அம்மா சொல்லி அனுப்பினார். தோலை ஒரு தடவு தடவினால் இது தேறும், இது தேறாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அவள் தேறுவாள் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

போன மாதம் லாங் பஜாரில், தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில், இடுப்பில் குழந்தையோடு கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சபைக்கு வாம்மா, இந்தத் தடவை மேடையில் நின்று பேசு என்றேன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பேன். இப்ப எத்தினி பேர் அங்கிள் வர்றாங்கன்னு கேட்டாள். ஒன்பது என்றேன். ஒம்பது பேருக்கு மேடை எதுக்கு, கீழ நின்னே பேசலாமேன்னு சிரித்தாள். அப்புறம் காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேருந்து ஆளையோ பொருளையோ என் வீட்டுக்கு அனுப்பாதீங்க அங்கிள் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று ஐயாவுக்கு எழுதினேனே, அந்த வரிதான் பொய்.

கட்டட வேலையும் நிஜம்தான். நமக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் அதை ஷூ பெட்டி அடுக்குகிற குடோனாக மாற்றுகிறார். இந்த மாதக் கடைசி ஞாயிறோடு சரி. நான் வேறு இடம் தேடவில்லை. தேடி யாருக்காக?

அதுவரை யார் நடத்துகிறார்கள் என்று கேட்பாய். நான்தான். ஒரு சங்கீதம் வாசிப்பேன், ஒரு பாட்டு, ஒரு ஜெபம். எட்டாவதோடு நின்றவன், பெரிய வார்த்தை வந்தால் நாக்கு குழறுகிறது. அந்த அம்மாக்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஜெபத்துக்கா, எனக்காக வெட்கப்பட்டா என்று தெரியவில்லை. சத்தார் பாய் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, இன்னா ராஜ் பாய், நீயா ஓதற, வேற ஆளே கிடைக்கலையான்னார். எங்க மசூதியில இமாம் வரலன்னா தெரிஞ்சவன் ஒருத்தன் முன்னாடி போய் நின்னுடுவான், உங்களுக்கு இன்னா கஷ்டம்னும் கேட்டார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் வரை போனால் பெரிசு என்று. ஆகவே எந்தத் தாளை வாசிப்பது என்று நீயே முடிவு பண்ணு. வெள்ளைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நிஜத்தைச் சொன்னாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் தாங்கினாலும் தாங்குவார். தாங்க முடியாதவன் நான்.

வேதாகமத்தை எனக்கு அனுப்பாதே. ஓரமெல்லாம் பென்சிலில் அவர் எழுதி வைத்திருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு தோல் கட்டுக்கு நடுவில் நான் என்ன செய்ய? ஷர்மிளா விலாசம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அவள் வேண்டாமென்றது எங்களிடமிருந்து வருவதைத்தான், ஐயாவிடமிருந்து வருவதை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அனுப்புகிறவர் இடத்தில் ஐயா பெயரை எழுது. என் பெயர் எங்கேயும் வேண்டாம். திருப்பி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் நீயே வைத்துக்கொள்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். காலையில் ஐயா அந்த மூன்று பெயரையும் சொல்லி முடித்ததும், நாலாவதாக இருதயராஜ் என்று அவர் காதில் சொல்லு. எதுக்கு என்று கேட்டால், அவனுக்கு வியாபாரம் கொஞ்சம் கம்மியாம் என்று சொல்லிவிடு.

கர்த்தர் உன் வீட்டு வாசலைக் காப்பாராக.

அங்கிள்,
இருதயராஜ்