கல்யாண மண்டபத்தில் ஒரு பகல்

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம். உங்கள் முட்டிவலி தேவலையா? என் பிள்ளை சுபுஹானுக்குச் சளி விட்டதா?

டிவியில் பார்த்துப் பயந்திருப்பீர்கள். கரியாலூருக்கு மேலே உள்ள எங்கள் பள்ளியை மூடக் கூடாதென்று ஆசிரியர் சங்கத்தோடு மறியலில் உட்கார்ந்தேன். போலீஸ் எங்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து, தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டது. கூட வந்த கொளஞ்சியம்மாள், "இன்னா டீச்சர், சோறு போட்டாங்க, பொண்ணு மாப்ளய காணோமே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. பள்ளியை மூடினால் அவள் மகன் படிப்பை விட்டுவிட்டு மாடு மேய்க்கப் போவான்.

தம்பி அன்சரிடம் தைலமும், சுபுஹான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

நாளையும் மறியல். சஸ்பெண்ட் செய்தால் நேராகப் பிள்ளையிடம் வந்துவிடுவேன். அதை நினைத்தால் பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. தூங்கப் போகிறேன்.

ஃபரீன்