பின்பக்கமாக இறங்கும் பெண்கள்

புனே
4.6.2001

அன்பு சசிக்கு,

இங்கே நான் சுகம். நீ சுகமா என்பதை உன் கடிதம்தான் சொல்ல வேண்டும். அது வந்து மூன்று வாரம் ஆகிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் புருஷனுக்கு எழுத நேரமில்லை என்றால், நானும் காய்ச்சல் என்று வந்து உன் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

நல்ல செய்தி ஒன்று. செயற்கை முழங்கால் மூட்டின் வடிவத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். நீ அடிக்கடி கேட்பாயே, அப்படி என்னதான் வரைகிறீர்கள் என்று. காலை மடக்கி நீட்டும்போது முழங்கால் சில்லு, தொடை எலும்பின் முன்னால் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. நாங்கள் செய்யும் உலோக மூட்டிலும் அந்தப் பள்ளம் வேண்டும். ஆழமாக வைத்தால் சில்லு பக்கவாட்டில் நழுவாது, ஆனால் குத்தவைத்து உட்காரும்போது இறுக்கும். ஆழத்தைக் குறைத்தால் உட்கார்ந்து எழுவது சுலபம், இறக்கத்தில்தான் நழுவப் பார்க்கும்.

எதை விடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். உன் எஸ்டேட் பெண்களிடம் கேட்டு நீ அனுப்பிய பதில்கள்தான் முடிவு செய்தன. குத்தவைத்தால் உயிர் போகிறது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இறங்கும்போது வலி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆகவே ஆழத்தைக் குறைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் வார்ப்புக்குப் போகிறது. முதல் மூட்டு உன் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஆண்டாயி அக்காவுக்கு, கோயமுத்தூரில், கம்பெனி செலவில். அது நல்லபடியாக அமைந்தால் எனக்குத் தலைமைப் பொறுப்பும் குவார்ட்டர்ஸும் உண்டு. இரண்டு அறை, ஒரு பால்கனி. இனியாவது வருவாயா சசி? கல்யாணமாகி நாலு வருடத்தில் நாம் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு மழைக்காலம்கூடத் தேறாது.

உன்
நவநீதன்

கீழ் கோத்தகிரி
14.6.2001

அன்பான என் வீட்டுக்காரருக்கு, சசிரேகா எழுதுவது.

காய்ச்சல் என்று வந்தால் ஊசிதான் போடுவேன், சொல்லிவிட்டேன்.

இங்கே நிலைமை சரியில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்த வேகத்தில் சின்னத் தோட்டக்காரர்கள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். செடிகள் ஆள் உயரம் வளர்ந்து நிற்கின்றன. எங்கள் ஃபாக்டரியில் வாரத்தில் பாதி நாள்தான் புகை. ஆள் குறைக்கப் போகிறார்களாம். காலைத் தாங்கி நடப்பவர்கள் பெயரைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று பேச்சு. பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போகும். அதனால் வேலையை மேற்பார்க்கும் எஸ்டேட் கண்டக்டர் வரும்போதெல்லாம் எல்லாப் பெண்களும் நிமிர்ந்து நடக்கிறார்கள்.

ஆண்டாயி அக்காவுக்குத்தான் ஒரே குஷி. “எம்பட முட்டிய நர்ஸம்மா ஊட்டுக்காரர்தானுங்க செய்யறாரு” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். உங்கள் பெயர் இங்கே கொடிகட்டிப் பறக்கிறது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

புனே வருவதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் கேட்காதீர்கள்.

சசி

கீழ் கோத்தகிரி
2.7.2001

அன்புள்ள உங்களுக்கு,

எஸ்டேட் போன் மழையில் செத்துக் கிடக்கிறது. இல்லாவிட்டால் இதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் ஒருவருக்கு மயக்கம் என்று ஆள் வந்தது, ஓடினேன். திரும்பும்போது, மேலிருந்து எடை போடும் இடத்துக்கு ஆண்டாயி அக்கா இறங்கி வருவதைப் பார்த்தேன். முகம் மலைப்பக்கம், முதுகு எங்கள் பக்கம். தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினார்.

“ஏனுங்க அக்கா, இதென்ன இப்படி எறங்கறீங்க?” என்றேன்.

“முட்டி போனவங்க எல்லாரும் இப்படித்தானுங்க நர்ஸம்மா. நேரா எறங்குனா சில்லு ஓடிப்போயிருமுங்க.”

“எறங்கறப்ப வலிக்கலைன்னு எங்கிட்டச் சொன்னீங்களே!”

“வலிக்கலீங்களே. இப்படி எறங்குனா வலிக்காதுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. கண்டக்டர் ஜீப் கிட்டே வரும்போது மட்டும் திரும்பிக்கொண்டு சும்மா நிற்பார்களாம். மற்றவர்களையும் விசாரித்தேன். அதே கதைதான். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சமதளத்து வழியாகத்தானே வருகிறார்கள், நான் எங்கே பார்த்தேன்?

அக்காவை நேராக இறங்கிக் காட்டச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே சில்லு வெளிப்பக்கம் சரிந்தது, என் கண் முன்னால். அலறிக்கொண்டு என் மேல் விழுந்தார்.

புது மூட்டு வைத்தால் அவர் நேராகத்தான் இறங்குவார். அதற்காகத்தானே வைத்துக்கொள்கிறார்? முதுகில் கொழுந்து மூட்டையும் இருக்கும். ஆழம் குறைந்த பள்ளம் அவருக்கு ஆகாது. வார்ப்பை நிறுத்துங்கள்.

சசி

புனே
9.7.2001

சசிரேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வார்ப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி நிறுத்தினால் இரண்டு வருட உழைப்பு மண். கேள்வி கேட்டது நீ, பதில் அனுப்பியது நீ, இப்போது எல்லாம் தப்பு என்பதும் நீ. யாரோ ஒருத்தி பின்பக்கமாக நடந்தாள் என்று நான் போய் மேலதிகாரியிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். இந்த மூட்டு அமைந்தால் குவார்ட்டர்ஸ் வரும், குவார்ட்டர்ஸ் வந்தால் நீ அந்த மலையை விட்டு வர வேண்டும். அது பிடிக்காமல்தானே இதெல்லாம்?

நவநீதன்

கீழ் கோத்தகிரி
16.7.2001

உங்களுக்கு,

மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதியே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்காவை இறக்கத்தில் பார்ப்பதற்கு முன்னால். ஆகஸ்ட் பதினைந்துக்குமேல் எனக்கு இங்கே வேலை இல்லை, ஆஸ்பத்திரி வீடும் இல்லை. சொல்லாமல் வந்து உங்கள் முன்னால் நிற்கலாம் என்று ஒரு ஆசை. புனே வெயிலுக்கென்று மேட்டுப்பாளையம் போய் இரண்டு நூல் சேலைகூட எடுத்து வந்தேன்.

அன்று பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருந்திருந்தால் போதும். அந்தப் பால்கனியில் நின்றிருப்பேன். கடிதத்தைத் தபாலில் போடும்போது அது எனக்கு நன்றாகத் தெரியும். போட்டேன்.

நீங்கள் எழுதிய கடைசி வரி வலிக்கிறது. பெரிதாக வலிக்கிறது. ஆனால் அதை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம், நமக்கு நாள் இருக்கிறது. அக்காவை ஆபரேஷனுக்கு அழைத்துப்போக அடுத்த மாதம் வேன் வருகிறது. ஒரு முறை அறுத்துவிட்டால் அவருக்குப் பழைய முட்டிகூடக் கிடையாது.

சசிரேகா

புனே
30.7.2001

அன்பு சசிக்கு,

பத்து நாளாக எழுதவில்லை. எழுத முகமில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். கடைசிக் கடிதத்தின் முதல் பாதியை மட்டும் மடித்து மறைத்துக்கொண்டேன். நீ சொன்ன இறக்கத்தைப் போல, சாய்ந்த பலகையில், முதுகுச் சுமைக்குச் சமமான பாரம் வைத்து மூட்டின் மாதிரியை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது மடக்கிலேயே சில்லு விளிம்பு ஏறிக் குதித்தது. யாரும் சிரிக்கவில்லை. வார்ப்பை நிறுத்திவிட்டார்கள்.

தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று, குவார்ட்டர்ஸும் அவருக்குத்தான். எனக்கு ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள், மலையில் இறங்குகிற கால்களை அளந்து வர. நான்தான் கேட்டு வாங்கினேன்.

ஆக நமக்கு இங்கேயும் வீடு இல்லை, அங்கேயும் வீடு இல்லை. கடைவீதிப் பக்கம் வாடகைக்கு ஒரு அறை பார். கூரை ஒழுகினாலும் பரவாயில்லை. அந்தக் கடைசி வரிக்காக நீ என்னைத் திட்ட வேண்டியதை அங்கே உட்கார்ந்து நிதானமாகத் திட்டு. ஆகஸ்ட் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

வேன் வராது என்று ஆண்டாயி அக்காவிடம் நீ சொல்லிவிடாதே. இன்னும் ஒரு வருடமாவது ஆகும், அதுவரை இந்தக் கால்தான் என்பதை அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன். நீ என் பக்கத்தில் நின்றால் போதும்.

உன்
நவநீதன்